ஸ்டாப்-லீக் எல்லா ஆயில் கசிவையும் நிறுத்தாது

"பழைய காரில் ஆயில் ஒழுகினால் ஒரு பாட்டில் ஸ்டாப்-லீக் (எஞ்சின் ஆயிலோடு கலக்கும், கசிவை நிறுத்தும் திரவம்) ஊற்றுங்கள், எந்த லீக்கும் நிரந்தரமாக நின்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பாதிதான் சரி.

பெரும்பாலான ஸ்டாப்-லீக் திரவங்கள் ஓட்டையை அடைப்பதில்லை. வயதாகிச் சுருங்கி, இறுகிப்போன ரப்பர் சீலை மென்மையாக்கிக் கொஞ்சம் உப்ப வைக்கின்றன. கிராங்க் சீலில் (எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்) லேசான கசிவு என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு குறையலாம். சீல் கிழிந்திருந்தாலோ, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் ஆயில் பேன் விரிசல் விட்டிருந்தாலோ, ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் மரை தேய்ந்திருந்தாலோ பயனே இல்லை.

முதலில், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் வெளியே வரும். அப்புறம், எஞ்சினைத் துடைத்துவிட்டு இரவில் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை விழுந்த இடத்துக்கு மேலே தேடுங்கள். எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து வழியும் ஆயில், கீழே பேனில் ஒழுகுவது போலவே தெரியும்.

சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டித் தீய்ந்த வாடை வந்தால் தயவுசெய்து பாட்டிலை நம்பிக் காத்திருக்காதீர்கள். தீப்பிடிக்கலாம், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.