சமாதானத் தூது வராதீர்கள்

அடித்து, மிரட்டி, கைப்பேசியை நோண்டி, யாரோடும் பேசவிடாமல் வைத்திருந்த ஒருவனை விட்டு வெளியே வந்த பெண்ணிடம் சொந்தபந்தங்கள் முதலில் சொல்வது இதுதான்: "ஒரே ஒரு வாட்டி பேசிப் பாரேன்."

எனக்கும் சொன்னார்கள். "அவன் ரொம்ப இளைச்சுப் போயிட்டான்மா, பார்க்கவே பாவமா இருக்கு" என்று கண் கலங்கியவர், என் தோளில் இருந்த காயத்துக்கு மருந்து போட்டுவிட்ட அதே அத்தை. அவர் மேல் எனக்கு இன்றும் பாசம் உண்டு. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை எத்தனை இரவு தூங்கவிடவில்லை என்று அவருக்குத் தெரியாது.

எண்ணை பிளாக் செய்வதோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை. வாட்ஸ்அப்பை அடைத்தால் ஜிபேயில் ஒரு ரூபாய் வரும், "ப்ளீஸ், பேசு" என்ற குறிப்போடு. மறுநாள் இன்னொரு ரூபாய்: "நீ நல்லாவே இருக்க மாட்டே." காய்கறிக் கடையில் பணம் அனுப்பத் திறந்தபோது அதைப் பார்த்தேன். கை நடுங்கியதில் பின் நம்பரே மறந்துவிட்டது. கடைக்காரர் "அப்புறமா குடும்மா, பரவாயில்ல" என்று பையைக் கையில் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மனசு அவனைத் தேடும். அழுகை வரும். "அப்படியென்றால் இன்னும் ஆசை இருக்கு, பேசி சரி பண்ணிடலாம்" என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். அது தப்புக் கணக்கு. டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981லேயே இதை எழுதிவிட்டார்கள்: ஒருவர் கை ஓங்கியிருக்கும் உறவில் கொடுமையும் கொஞ்சலும் மாறி மாறி வரும்போது பிணைப்பு இறுகிப்போகிறது. அடிக்குப் பிறகு வரும் மல்லிகைப்பூவும் மன்னிப்பும்தான் அந்த முடிச்சைப் போடுகின்றன. அது தளர நாளாகும், இடையில் ஒரு ஃபோன் பேசினாலும் மறுபடி இறுகும். அதனால்தான் "ஒரே ஒரு வாட்டி" என்பது சின்ன விஷயமே இல்லை.

குழந்தை இருந்தால் முழுசாக அறுத்துக்கொள்ள முடியாது, உண்மைதான். அப்போதும் குழந்தையைப் பற்றி மட்டும், எழுத்தில் மட்டும் பேசலாம்.

பேச்சை நிறுத்துவதைத் திமிர் என்கிறார்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவில், நேரிலோ எழுத்திலோ ஃபோனிலோ மின்னணு வழியிலோ அவளைத் தொடர்புகொள்ளவே கூடாது என்று நீதிமன்றம் அவனுக்கு உத்தரவு போட வழி இருக்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். சட்டமே தேவை என்று ஒப்புக்கொண்ட ஒன்றை நாம் ஏன் திமிர் என்கிறோம்?

எனக்கு உதவியவள் என் தோழி. அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவன் அனுப்பியதையெல்லாம் நான் படிக்காமல் அவளே படித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்தினாள். எனக்குத் தூக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

ஆகவே அத்தை, சித்தி, மாமா எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அவன் உங்களைக் கூப்பிட்டு அழுதால், "நான் தூது போக மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிடுங்கள். அவன் கூப்பிட்டான் என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். மிரட்டினால் மட்டும் உடனே அவளுக்குத் தெரியப்படுத்துங்கள், பெண்கள் உதவி எண் 181க்கும் அழையுங்கள். இரவு எத்தனை மணியானாலும் எடுப்பார்கள்.