நைஜீரியாவில் சேபா அரசியின் அரண்மனையா?

"சாலமோன் மன்னரைச் சந்தித்த சேபா அரசி 3000 ஆண்டுகளுக்கு முன் கட்டிய அரண்மனை நைஜீரியக் காட்டில் கண்டுபிடிப்பு" என்ற செய்தி ஒரு படத்துடன் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

படத்தில் இருப்பது தென்மேற்கு நைஜீரியாவின் இஜெபு பகுதியில் உள்ள சுங்போ எரெடோ. அது அரண்மனை அல்ல. சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலப்பரப்பை வளைத்துச் செல்லும் அகழியும் மண்கரையும். சில இடங்களில் அகழியின் அடியிலிருந்து கரையின் உச்சிவரை 20 மீட்டர் உயரம். செம்மண்ணை வெட்டி இஜெபு மக்களின் முன்னோர் எழுப்பிய அந்தப் பிரம்மாண்டத்துக்கு வேறு யாருடைய பெயரும் தேவையில்லை.

பிலிகிசு சுங்போ என்ற செல்வம் மிக்க, குழந்தையில்லாத பெண் இதை அமைத்தார் என்பது அவ்வூர் மரபுக்கதை. அவரே சேபா அரசி என்றும் சிலர் நம்புகிறார்கள். ஓகே எய்ரி என்ற ஊரில் அவருடையதாகக் கருதப்படும் சமாதிக்கு இன்றும் பக்தர்கள் வருகிறார்கள். அந்த நம்பிக்கை மதிப்புக்குரியது. ஆனால் சாலமோன் காலம் கிறிஸ்துவுக்கு முன் 10ஆம் நூற்றாண்டு. கரைக்குத் தொல்லியலாளர்கள் சொல்லும் மிகப் பழைய காலமே கிறிஸ்துவுக்குப் பின் 800ஐ ஒட்டியது. அண்மை அகழாய்வுகளோ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைக் காட்டுகின்றன.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில், நைஜீரியாவின் கீழ் இதன் விவரத்தைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.