பாவம் அந்தப் பெருங்குடல்

சித்தப்பா குடும்ப குரூப்பில் மறுபடியும் போட்டுவிட்டார். பெருங்குடல் சுவரில் ஐந்து கிலோ பழைய மலம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், ஒரு பொடியைத் தின்றால் ஒரே ராத்திரியில் வந்துவிடுமாம். ஒட்டிக்கொள்ள அது என்ன அடிப்பிடித்த பாத்திரமா? சளி சுரந்து எந்நேரமும் வழுவழுவென்று இருக்கும் குழாய் அது. அதன் உட்பக்கச் செல்களே ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடுகின்றன.

சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர், இது ஒன்றரை மீட்டர்தான். அகலத்தால்தான் 'பெரு'ங்குடல். வலது அடிவயிற்றில், குடல்வால் தொங்குகிற இடத்தில் ஆரம்பித்துக் கல்லீரல் வரை ஏறி, குறுக்கே இடப்பக்கம் போய், அங்கிருந்து இறங்கி வளைந்து மலக்குடலில் முடிகிறது. சிறுகுடலைச் சுற்றி வாசல் நிலை வைத்த மாதிரி. நீளவாக்கில் ஓடும் மூன்று தசைப்பட்டைகள் குழாயைவிடக் குட்டை என்பதால், முழுக் குடலும் ஆயாவின் சுருக்குப்பை போலச் சுருங்கிச் சுருங்கி இருக்கும்.

தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூழ் உள்ளே வருகிறது. தண்ணீரையும் உப்பையும் பொறுமையாக உறிஞ்சி, நூறு இருநூறு மில்லி தண்ணீரை மட்டும் மலத்தோடு வெளியே விடுகிறது. அவசரப்படுத்தினால் பேதி, ரொம்ப நேரம் தங்கினால் மலச்சிக்கல். அப்புறம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள்: நம்மால் செரிக்க முடியாத வாழைத்தண்டு, கீரை நாரையெல்லாம் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியச் சாப்பாடே அதுதான். வைட்டமின் கே கொஞ்சம் இலவசம்.

எங்கள் வீட்டில் முழுப்பரீட்சை லீவின் முதல் ஞாயிறு என்றால் விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். பூச்சிக்குப் பயந்த காலம், சரி. இன்று மாதாமாதம் 'டீடாக்ஸ்' என்று எழுபது வயதுக்காரரைப் பேதியாக வைத்தால், போவது அழுக்கு இல்லை, தண்ணீரும் பொட்டாசியமும். அதற்கும் காசு வாங்குகிறார்களே என்பதுதான் என் எரிச்சல்.

தினம் ஒருமுறை போகாவிட்டால் வியாதி என்பதும் கட்டாயமில்லை. நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். காலையில் காபி உள்ளே போனதும் வயிறு அழைக்கிறதா, தள்ளிப்போடாமல் எழுந்து போங்கள். ஆனால் மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலோ, 'மூலமாக இருக்கும்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சித்தப்பா, நீங்களும்தான்.