மாணவரின் தாய்மொழியை ஆசிரியரும் கொஞ்சம் படிக்க வேண்டும்

கனடாவில் புதிதாகக் குடியேறியவர்களுக்காக அரசின் நிதியில் 1992 முதல் கட்டணமின்றி நடந்துவரும் லிங்க் ஆங்கில வகுப்பு ஒன்றில், ஸ்கார்பரோவில், நான் கற்பித்து வருகிறேன். முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவறு இன்றும் என்னை உறுத்துகிறது. சிரியாவிலிருந்து வந்திருந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தம்மைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'ஐ எஞ்சினியர்' என்றே சொல்வார். ஒவ்வொரு முறையும் எல்லார் முன்னிலையிலும் 'ஐ ஆம் அன் எஞ்சினியர்' என்று திருத்தினேன். நாளடைவில் அவர் வகுப்பில் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டார்.

அரபு மொழியில் நிகழ்காலத்தில் 'ஆம்', 'இஸ்' போன்ற சொல் வருவதில்லை என்பதையும், இறந்தகாலத்துக்கு மட்டும் 'கான' என்னும் வினை வந்தாக வேண்டும் என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன். 'ஐ வாஸ் எஞ்சினியர்' என்பதில் மட்டும் வினையை அவர் ஒருநாளும் விட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'நான் பொறியாளர்' என்று வினையே இல்லாமல் வாக்கியம் அமைக்கும் மொழியில் பிறந்த எனக்கு இது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும்.

வயதுவந்தவர் செய்யும் பிழையில் பெரும்பகுதி அறியாமையன்று. நாற்பது ஆண்டுகள் பழகிய வேறோர் இலக்கணத்தின் ஒழுங்கு அது. மகளைப் பற்றிப் பேசும்போது 'ஹீ' என்று சொல்லிவிடும் சீனத் தாய்க்கு, மாண்டரின் பேச்சில் அவன், அவள் இரண்டும் ஒரே ஒலி. 'பென்சில்' என்பதன் முதல் ஒலி அரபில் இல்லை; 'பஸ்' என்பதன் முதல் ஒலிதான் உண்டு. இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதும் தமிழருக்கு அந்தத் தடுமாற்றம் புரியாமல் போகாது.

ஒரே வகுப்பில் பத்து மொழிக்காரர்கள் இருக்கையில் எல்லா மொழிகளையும் எப்படிக் கற்பது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பேசக் கற்கச் சொல்லவில்லை. அம்மொழியில் வினை எங்கே நிற்கிறது, காலத்தை எப்படிக் காட்டுகிறார்கள், ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் 'எ', 'தி' போன்ற சொற்கள் உண்டா, எழுத்து எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது என்ற அளவுக்குத் தெரிந்தாலே போதும். எல்லாப் பிழைக்கும் தாய்மொழியைக் காரணமாக்குவதும் சரியன்று; ஆங்கிலேயக் குழந்தைகளும் 'கோ' என்பதற்கு 'கோ-எட்' என்று இறந்தகாலம் அமைத்துத்தான் பிறகு 'வென்ட்' என்பதற்கு வருகிறார்கள். பிறந்த நாட்டை வைத்து மொழியை ஊகிப்பதோ இன்னும் தவறு. சிரியாவிலிருந்து வருபவர் வீட்டில் குர்து பேசுபவராக இருக்கலாம். இந்தியர் என்றதும் இந்தியில் பேசத் தொடங்குபவர்களிடம் நாம் படும் சங்கடத்தை நாமே பிறருக்குத் தரலாமா?

இப்போதெல்லாம் முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் தொழிலைத் தாய்மொழியில் ஒரு வாக்கியமாகப் பலகையில் எழுதி, அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஆங்கிலச் சொல்லை எழுதுகிறார்கள். என் பங்காக 'நான் ஆசிரியர்' என்று தமிழில் எழுதி, அதன் அடியில் இரண்டே ஆங்கிலச் சொற்களை எழுதுகிறேன். அதைப் பார்த்ததும் அரபு பேசுபவர்கள், எங்கள் மொழியிலும் இப்படித்தான் என்று முந்திக்கொண்டு சொல்கிறார்கள்.