தலைப்பைப் படித்துச் சிரித்தாயிற்றா?

இணையத்தில் சுற்றுகிற அந்த மீம் படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் மதிக்கிறவர்களே பகிர்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். நாலு முனைவர் பட்டத் தலைப்புகளை வெட்டி ஒட்டி, மேலே "இதுக்கெல்லாம் டாக்டர் பட்டமா?", கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். ஒன்று ஏதோ ஈயின் இனச்சேர்க்கை. ஒன்று மத்தியகால மருந்துக் குறிப்பு. ஒன்று வழக்கொழிந்த எழுத்து. நாலாவது, நாவல்களில் வாசனை.

தலைப்பைப் படிக்க மூன்று நொடி. ஆய்வேடு முந்நூறு பக்கம். மூன்று நொடியில் எடைபோட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள், வாழ்த்துகள்.

தலைப்பு ஏன் அப்படிக் கோணலாக இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குள், ஆதாரத்தோடு பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்விதான் முனைவர் பட்டத்துக்கான கேள்வி. அதனால் வெட்டிக்கொண்டே போவார்கள். பூச்சிகள் என்று ஆரம்பித்து ஓர் இனத்துக்கு வந்து, அதில் பெண் பூச்சி, அதன் ஒரே ஒரு நடத்தை, அதுவும் இன்ன வெப்பநிலையில் என்று குறுக்குவார்கள். குறுக்காமல் விட்டால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்விக்கே நாக்கு உலர்ந்துவிடும். "புற்றுநோயை ஒழிப்பது எப்படி" என்று தலைப்பு வைத்துக்கொண்டு ஒருத்தர் வந்தால் அவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். தலைப்பு வேறு, ஆய்வு வேறு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈக்கு வருவோம். திருகுப்புழு ஈ என்று ஒன்று உண்டு. உயிரோடு இருக்கிற ஆடுமாட்டின் காயத்தில் முட்டையிடும்; புழுக்கள் பச்சைச் சதையைத் தின்றபடி உள்ளே இறங்கும். எட்வர்ட் நிப்ளிங் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் பிடித்துக்கொண்டது ஒரே விஷயத்தை. பெண் ஈ வாழ்நாளில் ஒரு தடவைதான் சேரும். மலட்டு ஆண்களை லட்சக்கணக்கில் வளர்த்து வெளியே விட்டால், அவற்றோடு சேர்ந்த பெண் இடும் முட்டை பொரியாது. அவள் வேறு துணை தேடவும் போகமாட்டாள். கூட்டுப்புழுப் பருவத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அளவு குறைந்தால் ஈ மலடாகாது. கூடினால் நோஞ்சானாகி, காட்டு ஈயோடு போட்டி போட முடியாமல் தோற்கும். புளோரிடா கரையை ஒட்டிய சானிபெல் தீவில் சோதித்தபோது கரையிலிருந்து ஈக்கள் பறந்து வந்து காரியத்தைக் கெடுத்தன. அதனால் 1954ல் கரீபியன் கடலில் தள்ளியிருக்கிற குரசாவ் தீவுக்குப் போனார்கள். சில மாதங்களில் தீவில் அந்த ஈ இல்லை. பிறகு அமெரிக்காவிலிருந்து ஆரம்பித்துத் தெற்கே பனாமா வரை துரத்தினார்கள். அதே ஈ 2024ல் மறுபடி மெக்சிகோவில் தலைகாட்டியதும் எல்லோரும் எதைத் தேடி ஓடினார்கள்? மலட்டு ஈயைத்தான். உங்கள் மொழியில், 'ஈயின் படுக்கையறை ஆராய்ச்சி'.

மருந்துக் குறிப்பு என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றில் கண்கட்டிக்கு ஒரு மருந்து. பூண்டும் இன்னொரு வெங்காய வகையும் சம அளவு எடுத்து நன்றாக இடிக்க வேண்டும். அதில் ஒயினும் மாட்டுப் பித்தநீரும் சம அளவு சேர்த்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைத்திருந்து, துணியில் வடிகட்ட வேண்டும். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படித்தவரும் நுண்ணுயிரியல் படித்தவரும் சேர்ந்து இதைச் செய்து பார்த்து 2015ல் முடிவைச் சொன்னார்கள். அந்த 'இன்னொரு வகை' வெங்காயமா லீக்ஸா என்று சுவடியில் தெளிவில்லை. இரண்டையும் வைத்துச் செய்தார்கள். ஒவ்வொரு பொருளாக விட்டுவிட்டும் செய்து பார்த்தார்கள். முழுக் கலவைக்கு இருந்த வீரியம் தனித்தனிப் பொருளுக்கு இல்லை. எம்ஆர்எஸ்ஏ என்கிற, பல மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா அதில் கொத்துக் கொத்தாகச் செத்தது. (ஆய்வகத்தில். வீட்டில் அரைத்துக் கண்ணில் விட்டுக்கொள்ளாதீர்கள்.) பழைய ஆங்கிலம் தெரியாத நுண்ணுயிரியலாளருக்கு இந்தக் குறிப்பு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

பார்த்தீர்களா, ஈக்கும் பூண்டுக்கும் பலன் சொல்லித்தான் உங்களிடம் ஜாமீன் வாங்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதற்கு நான் என்ன சொல்வது?

ஆலிஸ் கோபர் என்று ஒரு பேராசிரியை. புரூக்ளின் கல்லூரியில் பகலெல்லாம் பாடம். ராத்திரி லீனியர் பி என்ற, பழங்காலக் களிமண் பலகைகளில் கிடைத்த, யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு. தேவாலயத் துண்டறிக்கை, வாழ்த்து அட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அட்டைகளாக வெட்டினார். எந்தக் குறி எதற்குப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று குறித்து, சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். ஏறத்தாழ 1,80,000 அட்டைகள். சொல்லின் கடைசிக் குறிகள் மட்டும் மாறுகின்றன, எனவே இது வேற்றுமை உருபுகள் ஏற்கும் மொழி என்று காட்டினார். 1950ல் இறந்துபோனார். 1952ல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்துக் காட்டினார்; கிரேக்கம்! உள்ளே என்ன இருந்தது? ஆட்டுக் கணக்கு, தானியக் கணக்கு, தேர்ச்சக்கரக் கணக்கு. ஒரு நோயும் குணமாகவில்லை. ஹோமருக்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கம் எழுதப்பட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' உங்களுக்குப் போதாதென்றால் என்னிடம் வேறு சரக்கு இல்லை.

"வரிப்பணம் சார்" என்பீர்கள். இது பழைய பாட்டு. வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற அமெரிக்க செனட்டர் 1975 முதல் 1988 வரை மாதாமாதம் வீண்செலவுக்கு 'விருது' கொடுத்துக் கைதட்டல் வாங்கினார். முதல் விருதே காதலைப் பற்றிய 84,000 டாலர் ஆய்வுக்கு. குரங்குகள் தாடையை இறுக்கிப் பல்லைக் கடிப்பதை ஆராய்ந்த ரொனால்ட் ஹட்சின்சனையும் இழுத்தார். மனிதர் வழக்குப் போட்டார். 1979ல் உச்ச நீதிமன்றம் செனட்டருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை; கடைசியில் மன்னிப்பும் 10,000 டாலரும் கொடுத்துத்தான் சமரசம். உங்கள் மஞ்சள் முகங்களுக்கு அந்தச் செலவுகூடக் கிடையாது.

"ஒன்று ஜெயித்ததைச் சொல்கிறாய், தோற்ற ஆயிரம்?" ஆமாம், தோற்கும். எது தோற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை ஏன் ஆராய வேண்டும்? யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1966ல் பாக்டீரியா தேடிய தாமஸ் பிராக் மரபணுச் சோதனைக்காகவா தேடினார்? அதன் நொதி 95 டிகிரியிலும் சாகாது என்பதால்தான் மரபணுத் துணுக்கைச் சூடேற்றிச் சூடேற்றிப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் கருவி சுற்றுக்குச் சுற்று புது நொதி ஊற்றாமல் தானாக ஓடுகிறது.

போலி ஆய்வுகள் உண்டு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருட்டு தலைப்பில் தெரியாது. முறையியல் அத்தியாயத்தில் தெரியும். எத்தனை மாதிரிகள், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, யார் எண்ணினார்கள், எதை விட்டுவிட்டார்கள், ஏன் என்று அங்கே பாருங்கள். உண்மையில் போலிகளின் தலைப்புதான் கம்பீரமாக இருக்கும்.

நாலாவதற்கு, நாவல்களில் வாசனைக்கு, நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்று டாக்டர்களே நம்பிய காலம் இருந்தது. 1858ல் தேம்ஸ் நாறியதும் லண்டன் நாடாளுமன்றம் அவசர அவசரமாகச் சட்டம் போட்டது. கதையில் யார் மணக்கிறார்கள், யார் நாறுகிறார்கள் என்று எழுதுவது சும்மா வந்துவிடுகிறதா? இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். இந்த நாலில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் ஏன் படத்தோடு சேர்த்துப் போடப்பட்டது, ஏன் பொறியியல் தலைப்பு ஒன்றுகூட இல்லை என்பதையும் நான் கேட்கமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

கமெண்ட்டில் வந்து சண்டை போட நினைப்பவர்கள் நாலில் ஏதாவது ஒன்றின் முறையியல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். எந்தப் பக்கத்தில் என்ன தப்பு என்று எழுதுங்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் சொல்கிறேன். மஞ்சள் முகம் போட்டால் பிளாக்.