லோலா பாத்ரூமில் இருக்கிறார்

(பிலிப்பைன்ஸில் விகான் என்ற ஊர். கீழே கல் சுவர், மேலே மரத்தளம், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் கபிஸ் சிப்பி என்று ஸ்பானியர் காலத்துப் பாணியில் நிற்கும் பெரிய வீடு. முன்பு குதிரைவண்டி நிறுத்திய கீழ்த்தளத்தில் இப்போது மேஜை போட்டுச் சோறு போடுகிறார்கள். அவன் இந்த ஊர்க்காரன், இலோகானோ. கஞ்சப் பிசினாரி என்று நாடே கேலி செய்யும் இனம். பாவம், எல்லாரும் அப்படியில்லை, இவன் அப்படித்தான். அவளுக்குச் சொந்த ஊர் பம்பாங்கா. ஆள் இரண்டு, தட்டு மூன்று.)

அவள்: மூன்றாவது தட்டு யாருக்கு?

அவன்: லோலாவுக்கு.

அவள்: உன் பாட்டி வருகிறாரா? டேட் என்றுதானே கூப்பிட்டாய்? மணிலாவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

அவன்: மெதுவாகப் பேசு. லோலா வரவில்லை, லோலாவின் அட்டைதான் வந்திருக்கிறது. (சட்டைப்பையைத் தட்டுகிறான்.) 60 வயதானவர்களுக்கு ஓட்டலில் 20 சதவீதம் தள்ளுபடி, வாட் வரியும் கிடையாது, சட்டமே இருக்கிறது. யாராவது கேட்டால் லோலா பாத்ரூமில் இருக்கிறார் என்று சொல்லிவிடு.

அவள்: ஐயோ, அது மொத்த பில்லுக்கும் இல்லை, அவர் சாப்பிட்ட பங்குக்கு மட்டும். நான் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிறேன், மறந்துபோச்சா?

அவன்: அதனால்தான் இன்றைக்கு லோலாவுக்கு அகோரப் பசி. பாக்னெட் லோலாவுக்கு, பினாக்பெட் லோலாவுக்கு, லெச்சே ஃபிளான் புட்டிங் லோலாவுக்கு. நமக்கு வெறும் சோறு.

அவள்: பாக்னெட்டா? எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்த, தோலோடு கூடிய பன்றி வயிற்றுக்கறி, கடித்தால் பக்கத்து மேஜைக்குச் சத்தம் கேட்கும். லோலாவுக்குப் பல் இருக்கிறதா?

அவன்: மேலே இரண்டு.

(சாப்பாடு வருகிறது. பரிமாறும் அக்கா காலி நாற்காலியைப் பார்க்கிறார், இவனைப் பார்க்கிறார், போகிறார்.)

அவள்: இதென்ன, பினாக்பெட்டில் பூசணிக்காயே இல்லை?

அவன்: பூசணி போடுவதெல்லாம் மணிலாக்காரர்கள் கிளப்பிவிட்ட வழக்கம். பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், உப்பில் ஊறிய மீன் பாகோங், முடிந்தது. பினாக்பெட் என்றாலே எங்கள் பாஷையில் சுருங்கிப்போனது என்று அர்த்தம்.

அவள்: உன் மனசு மாதிரி.

அவன்: பிள்ளைப்பூச்சியைப் பிடித்து அடோபோ வைத்துத் தின்கிற ஊர்க்காரி பேசுகிற பேச்சைப் பார்.

அவள்: கமாருவை ஒரு தடவை தின்றுவிட்டுப் பேசு. பன்றித் தலையைக்கூட வீணாக்காமல் நறுக்கி இரும்புத் தட்டில் போட்டு, சிசிக் என்று நாடு முழுக்கச் சாப்பிட வைத்தவர்கள் நாங்கள். சிக்கனம் என்றால் அது. நீ செய்வது திருட்டு. கணக்கு சொல்கிறேன், கேள்: லோலா பங்கு 560 பெசோ என்று வை. 12 சதவீத வாட்டை எடுத்தால் 500, அதில் 20 சதவீதம் போனால் 400. மிச்சம் 160. இந்த 160 பெசோவுக்காக ஒரு கிழவியை அரைமணி நேரமாக பாத்ரூமில் அடைத்து வைத்திருக்கிறாய்.

அவன்: 160 பெசோ உனக்கு விளையாட்டா? சொந்தமாகக் கரும்பு மது காய்ச்சக் கூடாது என்றதற்காக 1807இல் ஸ்பானியர்களையே எதிர்த்துக் கலகம் செய்த ஜனம் நாங்கள். உரிமை என்று வந்துவிட்டால் விட மாட்டோம்.

அவள்: அது அவர்கள் காய்ச்சிய மது. இது லோலாவின் அட்டை... ஏய், அந்த அக்கா மறுபடியும் வருகிறார். முகமெல்லாம் கவலை. லோலா மயங்கி விழுந்துவிட்டாரோ என்று பாத்ரூம் கதவை உடைத்துவிடப் போகிறார். இரு, நானே போய்ப் பார்க்கிற மாதிரி மாடிக்குப் போய்விட்டு வருகிறேன்.

(போகிறாள். அவன் அவசரமாகக் கடைசிப் பாக்னெட் துண்டை லோலாவின் தட்டுக்கு மாற்றி, எலும்புகளையும் அங்கேயே ஒதுக்குகிறான். திரும்பி வருகிறாள்.)

அவள்: அந்த அட்டையைக் கொஞ்சம் காட்டு. ம்ம். லோலா மேலேதான் இருக்கிறார்.

அவன்: அக்கா போய்விட்டார், இனி நடிக்க வேண்டாம்.

அவள்: நடிக்கவில்லை. இதே முகம், இதே மச்சம். கைப்பையை மேஜையில் கவிழ்த்து ஜெபமாலை, தைல பாட்டில், கசங்கிய லாட்டரிச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, காலையில்கூட அட்டை பையில்தான் இருந்தது, எந்தக் கட்டையில் போகிறவன் எடுத்தான் என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

அவன்: நொவேனா ஜெபத்துக்குப் போகிறேன் என்றுதானே சொன்னார்!

அவள்: எதிரே ஒரு தாத்தா இருக்கிறார். இஸ்திரி போட்ட பரோங் சட்டை, தலையில் எண்ணெய் பளபளக்கிறது. கித்தார்க்காரர்கள் பக்கத்தில் நின்று பாடுகிறார்கள். பாக்னெட்டைப் பொடிப்பொடியாகப் பிய்த்து லோலா தட்டில் வைக்கிறார். பார்த்தாயா, டேட் என்றால் அது. யார் அவர்?

அவன்: தெரியாது. வயது என்ன இருக்கும்?

அவள்: எழுபத்தைந்தாவது இருக்கும். ஏன்?

அவன்: அவர் அட்டை கொண்டு வந்திருப்பாரா?