அடித்துவிடப்பட்ட இரண்டு நாட்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது நம் குழுவினருக்குத் தெரியும்; அதை மறுபடி விவரித்து யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. இமயத்தில் 6,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரத்துக்குப் போகும் திட்டத்தில், வழியிலுள்ள மலையூர்களான நாம்சே பஜாரிலும் திங்போச்சேயிலும் கூடுதலாகத் தங்கவேண்டிய இரண்டு நாட்களைச் சிலர் பேனாவால் அடித்துவிட்டு, "அங்கே சும்மா உட்கார்ந்து என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டார்கள். நான் மறுத்தபோது சிரித்தார்கள்.

அவை சும்மா உட்காரும் நாட்கள் அல்ல. மேலே உள்ள மெல்லிய காற்றுக்கு உடல் பழகுவதற்காக, பகலில் சில நூறு மீட்டர் ஏறிவிட்டு, இரவில் பழைய உயரத்துக்கே இறங்கிவந்து தூங்கும் நாட்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் தங்கவேண்டும் என்றும் மலை மருத்துவம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். திருத்தப்பட்ட திட்டத்தின்படி நாம் நாம்சேயின் 3,440 மீட்டரிலிருந்து இரண்டே நாளில் திங்போச்சேயின் 4,410 மீட்டருக்குப் போய், மறுநாளே அதற்கும் மேலே கிளம்புகிறோம். 5,500 மீட்டர் அளவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். மூச்சு உடனே வேகமெடுத்துவிடும். அதனால் இரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் வேண்டும். சிறுநீரகத்துக்கு நம் விடுப்புக் கணக்கு தெரியாது.

விடுப்பு குறைவு என்பது நியாயமான பேச்சு. அப்படியானால் சிறிய மலைக்குப் போவோம். மலைநோய் (உயரம் பழகாத உடலுக்கு வரும் நோய்) வராமலிருக்க அசெட்டசோலமைடு மாத்திரை இருக்கிறதே என்பவர்களுக்கு: அது உடல் பழகுவதை விரைவுபடுத்தும், தங்கவேண்டிய நாட்களுக்கு ஈடாகாது. ஆனால் "நாங்கள் மாரத்தான் ஓடுகிறவர்கள்" என்று சொன்னவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. நல்ல உடற்தகுதி மலைநோயைத் தடுப்பதில்லை. கால் வலுவாக இருப்பவர் வேகமாக ஏறிவிடுவதால் முதலில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் திட்டத்தில் போனபோது, கடைசி முகாமில் தலைவலியை வெட்கத்தால் மறைத்தவன் நான். நடையில் ஏதோ கண்டு சந்தேகித்த வழிகாட்டி, தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் விரல் நுனியை மறுகாலின் குதி தொடும்படி அடிவைத்து நடக்கச் சொன்னார். ஐந்தாவது அடியில் சாய்ந்தேன். மூளையில் நீர் கோத்திருக்கலாம் என்று அஞ்சி, அந்த இரவிலேயே என்னைக் கீழே இறக்கினார். மற்றவர்கள் 5,895 மீட்டர் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்காக உண்மையாகவே மகிழ்ந்தேன். அவர்களில் ஒருவர்தான் ஞாயிறன்று, "இந்தமுறையும் பாதியில் திரும்பிவிடப் போகிறாயா?" என்று கேட்டுச் சிரிப்பைத் தொடங்கிவைத்தார்.

பாதியில் திரும்புவது கேவலமா? யோரான் க்ரோப் என்ற மலையேறி ஸ்வீடனிலிருந்து நேபாளத்துக்கு மிதிவண்டியிலேயே வந்து, 1996 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே, நேரமாகிவிட்டது என்று திரும்பினார். அதே மாதம் மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். அவரைப் பார்த்தும் சிரித்திருப்பீர்கள் போலும்.

பயந்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாட்களும் திட்டத்தாளில் திரும்ப எழுதப்படாவிட்டால், அதே பேனாவால் என் பெயரையும் அடித்துவிடுங்கள்.